மாண்புமிகு மூக்குகள்

1858 ஜூன் மாதம். லண்டனில் நிழலிலேயே 35 டிகிரி வெயில். வேலூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் வேலூர்க்காரர் வாசலில் தேம்ஸ் ஓடவில்லை. அதில் 25 லட்சம் பேரின் மலமும் மிதக்கவில்லை.

எல்லாம் தண்ணீர் ஊற்றும் கக்கூஸ் வந்ததால் வந்த வினை. அதுவரை வீட்டுக்கு வீடு மலக்குழி. ராத்திரியில் ஆள் வந்து அள்ளிப்போவான். புதுக் கக்கூஸில் ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு! எங்கே போச்சு என்று சீமான்கள் யாரும் விசாரிக்கவில்லை. நேராக ஆற்றுக்குத்தான். அதே ஆற்றிலிருந்து குழாய்க் கம்பெனிகள் குடிதண்ணீர் எடுத்து, காசுக்கும் விற்றன. 1848–49 காலராவில் லண்டனில் சுமார் 14,000 பேர் போனார்கள். 1853–54இல் இன்னொரு 10,000 பேர். செத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவன் சாவுக்கு எந்த எம்.பி. மாலை வாங்கிக்கொண்டு வருவார்?

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1855இல் படகில் போனார். வெள்ளை அட்டையைக் கிழித்து ஆற்றில் போட்டுப் பார்த்தார். ஒரு அங்குலம் முங்குவதற்குள் அட்டையைக் காணோம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பத்திரிகை போட்டது. மாண்புமிகுக்கள் படித்தார்கள். அவ்வளவுதான்.

பொறியாளர் ஜோசப் பாசல்ஜெட் 1856இலேயே திட்டம் வரைந்து நீட்டினார். ஊர்க் கழிவு ஆற்றில் விழாமல் குறுக்கே மறித்து, பெரிய வாய்க்கால்களில் கிழக்கே கொண்டுபோய், ஊருக்கு வெளியே விடுவது. “இன்னும் கொஞ்சம் தள்ளி விடக்கூடாதா?” “காசு யார் தருவது?” இந்த இரண்டு கேள்வியிலேயே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் அந்த ஜூன். நாடாளுமன்றம் இருப்பதோ ஆற்றங்கரையில், பளபளவென்ற புதுக் கட்டடத்தில். ஜன்னலைத் திறந்தால் ஜனங்களின் குறை நேரடியாகவே உள்ளே வந்தது. நம்மூரில் கோடைக்கு வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடுவது போல, அங்கே திரைச்சீலைகளைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் முக்கித் தொங்கவிட்டார்கள். நாற்றம் மசியவில்லை. ஒரு உறுப்பினர் எழுந்து பணித்துறை அமைச்சர் ஜான் மானர்ஸிடம் கேட்டார். தேம்ஸ் தன் அதிகாரத்துக்குள் வராது என்றார் அமைச்சர். “நம்ம டிபார்ட்மென்ட் இல்லீங்க” என்பது நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டிருந்தால், அதையும் வெள்ளைக்காரனுக்கே விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

நிதியமைச்சர் டிஸ்ரேலி ஒரு குழுக் கூட்டத்திலிருந்து தப்பி ஓடினார். ஒரு கையில் காகிதக் கட்டு, மறு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை. ஓடியவர் சும்மா இருக்கவில்லை. ஜூலை 15 அன்று மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2 அன்று அது சட்டம். சாக்கடை கட்ட 30 லட்சம் பவுண்டு கடனுக்கு அனுமதி! இத்தனை ஆயிரம் பிணங்கள் கேட்டுக் கிடைக்காத பணம், மூக்கு கேட்டதும் பதினெட்டே நாளில் கிடைத்துவிட்டது.

இதில் நமக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து இந்தியாவைப் பிடுங்கி விக்டோரியா மகாராணியிடம் ஒப்படைத்த சட்டத்துக்கும் அதே ஆகஸ்ட் 2 அன்றுதான் ஒப்புதல். நம் தலையெழுத்தை அவர்கள் விவாதித்தது அந்த நாற்றத்துக்கு நடுவில்தான். எத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘ஆம்’ போட்டார்களோ.

நாற்றம்தான் நோய் பரப்புகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இல்லை, தண்ணீர்தான் என்று ஆதாரத்தோடு சொல்லிவந்தவர் டாக்டர் ஜான் ஸ்னோ. பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்த ஜூன் 16ஆம் தேதி, நாற்றம் உச்சத்தில் இருந்தபோது, 45 வயதில் அவர் செத்துப்போனார். ஆக, தப்பான காரணத்துக்காகச் சரியான வேலை. பாசல்ஜெட் மட்டும் குறை வைக்கவில்லை. அவர் கட்டிய சாக்கடை இன்றும் ஓடுகிறது.

1866இல் காலரா மறுபடி வந்தது. பாசல்ஜெட்டின் சாக்கடை சேர்ந்த பகுதிகள் பெரும்பாலும் தப்பின. வேலை இன்னும் முடியாமல் கிடந்த கிழக்கு லண்டனில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பக்கம் நாடாளுமன்றம் கிடையாது.