கிண்டியில் கொம்பு தேடுவோர்

கிண்டி தேசியப் பூங்காவில் காட்டுயிரைக் கண்டதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கண்டிருப்பது புள்ளிமானை. அதுவோ இருபதாம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட விருந்தாளி. மண்ணுக்கே உரியதைப் பார்க்க வேண்டுமானால் பார்வையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். சோழமண்டலக் கடற்கரையோரம் துண்டு துண்டாக மட்டுமே மிஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடு இது. மாநகரத்துக்குள் ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் அப்படித் தப்பிப் பிழைத்திருக்க, நாம் தேடுவதோ கொம்பை. சூரை, களா, காரை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறோம்: புதர்.

‘செடியில் பார்க்க என்ன இருக்கிறது, அது அசையக்கூட அசையாதே’ என்பார்கள். அதுதானே வசதி! மானைப்போல் கைபேசியை எடுப்பதற்குள் ஓடிவிடாது. சங்கஞ்செடியின் கணு ஒன்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கெட்டியான இலைகளின் அடியில் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நான்கு முட்கள். ஆடே யோசித்துத்தான் வாய் வைக்கும்; அதே இலையைத் தின்று வளரும் பட்டாம்பூச்சிப் புழுவுக்கு அந்தக் கவலை இல்லை. ‘பிள்ளைகளுக்கு முள்ளைக் காட்டினால் சலித்துக்கொள்வார்கள்’ என்பது அடுத்த வாதம். நியாயம்தான். ஆனால் வெளிமான் மட்டும் என்ன பாடுபடுகிறது? திருகுக் கொம்பும் கருமுதுகும் வளர்ந்த ஆணுக்குத்தான். வேலிக்கு அப்பால் பழுப்பாய் மேயும் பெண் மானை, ‘அது ஆடுடா, வா’ என்று அப்பாவே தீர்ப்புச் சொல்லி இழுத்துப் போய்விடுகிறார்.