வண்டிக்காரருக்கு இன்னொரு முட்டை

குறுவை அறுப்பு நெருங்கினால் எங்கள் வீட்டுக் கொல்லையில் விடியற்காலையிலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள். மன்னார்குடிப் பக்கம் அன்றைக்கு அதுதான் முறை. நிற்பார்கள் என்றால் நிற்பதுதான். யாரும் அவர்களை உட்காரச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா காப்பி குடித்து, பேப்பர் புரட்டி, ஒருவழியாகக் கொல்லைக்கு வந்து, "என்னடா, நாளைக்கு அறுக்கலாமா?" என்பார். தாத்தா வயதுக்காரருக்கும் அதே 'டா'தான். "ஆண்டே சொன்னா சரி" என்பார் அவர்.

இப்போது நிலத்தைப் பார்ப்பவர் அண்ணன். அறுப்புக் காலத்தில் நிற்பவரும் அவர்தான். கடைத்தெரு டீக்கடையில், அறுவடை வண்டி புரோக்கர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் பக்கத்தில். "ஆத்தூர் வண்டி வந்துருச்சாமே தம்பி, நமக்கு எப்ப?" புரோக்கர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாப்போம் சார்" என்பார். கொல்லையில் நின்றவர்களில் ஒருவருடைய பேரன் அவர். இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசுவதில்லை.

அன்றைக்கு அறுப்பு என்பது நாள் கணக்கு. அரிந்து போட்ட அரியைக் காயவிட்டு, கட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்து, கையால் அடித்து, மிச்சம் ஒட்டியிருக்கும் மணிக்காக மாடு கட்டிப் போரடித்து, பிறகு காற்று வரும்வரை முறத்தோடு காத்திருந்து தூற்ற வேண்டும். பதர் கண்ணில் விழும், உடம்பெல்லாம் அரிக்கும். இதைப் பொற்காலம் என்று கவிதை எழுதுகிறவர்கள் யாரும் கட்டுச் சுமந்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து இருட்டியபின் கூலி அளப்பார்கள். அந்த மரக்காலை நான் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். குத்தகை நெல் வீட்டுக்கு வரும்போது மரக்காலை லேசாகக் குலுக்கி அளப்பார்கள். நெல் இறங்கும், இன்னும் ஒரு கைப்பிடி கொள்ளும். கூலி வெளியே போகும்போது குலுக்க மாட்டார்கள். மரக்கால் ஒன்றுதான், அளக்கும் ஆளும் ஒருவர்தான். இதையெல்லாம் கேட்கக்கூடாது என்பதும் முறை. கேட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கீழ்த்தஞ்சையில் ஓர் ஊர் இருந்தது. கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

எங்கள் ஊருக்கு முதல் அறுவடை வண்டி வந்தபோது வாய்க்கால் மதகில் செங்கொடி நட்டு மறித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. மேட்டு வயல் வண்டிக்கு, பள்ள வயல் ஆட்களுக்கு என்று முடிவு. பள்ளத்தில் வண்டி எப்படியும் புதையும் என்பதால் ஆண்டைகள் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார்கள். சில போகம்தான். மறித்தவர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். பள்ள வயலுக்கும் பெல்ட் வண்டி வந்துவிட்டது. மீறுவதற்கு ஆளில்லாமல் அந்த ஒப்பந்தம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மழையில் பயிர் சாய்ந்து கிடந்தால் அதுவே இரண்டாகும். டயர் வண்டி சேற்றில் இறங்காது. பெல்ட் வண்டிக்கு மணி வாடகை அதிகம். வரப்பில் திரும்புகிற நேரம், ஓட்டுநர் போன் பேசுகிற நேரம், எல்லாம் மணியில் சேர்த்தி. அப்பா அரைப்படிக்கு அரை நாள் பேரம் பேசியவர். அண்ணன் மணிக் கணக்கில் வாய் திறப்பதில்லை. போன போகத்தில் ஓட்டுநருக்கு அண்ணி வாழையிலை போட்டுக் கோழிக்குழம்பு ஊற்றி, "தம்பி, இன்னொரு முட்டை வைக்கவா?" என்று கேட்டார். கூடத்தில் உட்காரவைத்து! அறுப்பவர் கூடம்வரை வருவதற்கு வண்டி ஓட்ட வேண்டியிருந்தது.

இவ்வளவு அவசரமாக அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் நாள் கணக்காகக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அரிந்து வயலில் காயவிட்ட காலத்தில் அது தானாகக் குறைந்தது. வண்டி பச்சையாகவே பிரித்துக் கொட்டிவிடுகிறது. ஆகவே தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைப் பரப்பி, பஸ்காரர்களிடம் திட்டு வாங்கிக் காயவைக்கிறோம். ராத்திரி தார்ப்பாய் போட்டு அண்ணன் காவல் படுக்கிறார். களம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம்.

நடவுக்கும் இயந்திரம் உண்டு. ஆனால் அதைவிட மலிவாக மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வருகிறார்கள். ஏக்கர் கணக்கில் பேசிக்கொண்டு மளமளவென்று நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். வங்க மொழியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் புரியாது. மரக்காலைப் பற்றி அன்றைக்கு எங்கள் ஆட்கள் முணுமுணுத்தது நன்றாகவே புரிந்தது. காது கேட்காத மாதிரி இருந்தோம்.

மாடு போனதால் வைக்கோலும் வேண்டாததாகிவிட்டது. வண்டி துப்பிய தாளை இன்னொரு இயந்திரம் வந்து உருளையாகச் சுருட்டுகிறது. லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. மாட்டுப் பொங்கலுக்கு டிராக்டருக்குச் சந்தனம் வைக்கிறோம். கொம்பில்லாததால் மாலையை எங்கே மாட்டுவது என்பதில் ஆண்டுதோறும் ஒரு சிறு விவாதம் நடக்கும்.

போன தை அறுப்பில் எங்கள் தெருக் கோடியில் ஆறு மா வைத்திருப்பவர் விடியற்காலையில் அண்ணனைத் தேடி வந்தார். அவருக்குத் தனியாக வண்டி வராது. அண்ணன் வயலோடு சேர்த்துத் தள்ளிவிட்டால் உண்டு. அண்ணன் ஓட்டுநரிடம் பேசிப் பார்த்தார். "ரெண்டு ஏக்கருக்கு அந்தக் கோடிக்கு வண்டிய எறக்குனா கட்டாதுங்க சார்." வந்தவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பிப் போனவர், மத்தியானம் வயல்கரையில் வண்டி நின்ற இடத்துக்கு டிபன் கேரியரோடு வந்தார். நாலு அடுக்கு. அவர் வயலைச் சாயங்காலம் அறுத்துவிட்டார்கள்.