ஆணி பிடுங்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: காப்பாட்சியர் அவர்கள், கடலோர அருங்காட்சியகம், எங்கள் ஊர்.

பொருள்: கட்டுமரத்தில் அடித்துள்ள ஆணிகளைப் பிடுங்கித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

போன வாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு தங்கள் உள்ளூர் வரலாற்றுக் கண்காட்சிக்கு வந்தேன். ஏசி நன்றாக வேலை செய்கிறது. கிழவன் குறையை மட்டுமே எழுதினான் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் கூடம், 'கடல்வழி வந்தோர்'. பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டிய 1613, தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் குடியேறிய 1620, சென்னையில் ஆங்கிலேயர் இடம் பிடித்த 1639 என்று ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி. எல்லாரும் 'வந்திறங்கினர்' என்கிறது பலகை. எப்படித் தாத்தா இறங்கினாங்க என்று பேத்தி கேட்டாள். பலகையில் அது இல்லை. சென்னைக்கே அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். துரைமார்கள் அதன் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டுதான் வரலாற்றில் கால் வைத்தார்கள்.

பக்கத்துப் பெட்டியில் ஒரு கம்பெனிக் கடிதம். 'நல்ல நிலையில் உள்ளது' என்று குறிப்பு. இருக்காதா பின்னே? கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் அந்த மாதிரிக் கடிதங்களை ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, தான் முழுக்க நனைந்து, கடிதத்தை நனையாமல் கொண்டுவந்தவன் கட்டுமரக்காரன். கடிதத்துக்குப் பெட்டியும் விளக்கும் உண்டு. தொப்பியை மாட்டிவைக்க ஓர் ஆணிகூட இல்லை.

ஆணியெல்லாம் இரண்டாம் கூடத்தில் தீர்ந்துபோயிருக்கிறது.

அங்கே நடுவில் ஒரு கட்டுமரம். வார்னிஷ் பூசி, மரத்தோடு மரம் சேர்த்து இரும்பாணி இறக்கியிருக்கிறீர்கள். எண்ணினேன், பதினான்கு. ஐயா, அதன் பேரிலேயே கட்டு இருக்கிறது. கட்டுவதே அவிழ்ப்பதற்குத்தான். பாடு முடிந்து கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவோம். நீர் குடித்த மரம் கனத்துப்போகும். கடலில் இருக்கையில் கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், இடுக்கு வழியே தண்ணீர் வந்து போகும், அலைக்கு முறைக்க ஆள் கிடைக்காது. தாங்கள் செய்து வைத்திருப்பது மேசை.

போதாததற்கு முன்முனையான அணியம் சுவரைப் பார்க்கிறது, பின்முனையான அமரம் வாசலைப் பார்க்கிறது. அந்த மரம் பின்பக்கமாகக் கடலுக்குப் போகிறது.

இந்த வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் வந்ததாகக் காவலாளித் தம்பி சொன்னார். கட்டத் தெரிந்த நாலைந்து பேர் தங்கள் அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறோம். ஆனால் டெண்டர் விவகாரம் எனக்கும் புரியாமல் இல்லை. கயிறு கட்டுகிறவனிடம் ஜிஎஸ்டி எண் இருக்காது.

அட்டையில் 'பழங்கால மிதவை. காலம்: தெரியவில்லை' என்று போட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் அகராதியிலேயே கட்டுமரம் என்ற பேரோடு ஏறிய சாமான், சொந்த ஊரில் மிதவையாகிவிட்டது. காலம் எனக்குத் தெரியும். அது என் சின்னம்மா மகனுடைய மரம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகு வந்தபோது ஒதுக்கிப் போட்டது. பழங்காலத்து ஆளான அவன் இப்போது ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

திருத்த ஆள் இல்லையென்றால் நாங்களே வருகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாளும் பையன்கள் சும்மாதான் இருப்பார்கள். ஆனால் அந்த இரண்டு மாதமும் 'பராமரிப்புக்காக மூடல்' என்று வாசலில் எழுதியிருக்கிறது. மீனவர் வரலாற்றை மீனவர் கண் படாமல் பராமரிக்கத் தேர்ந்தெடுத்த நாட்கள், கணக்குப் பிசகவில்லை.

'தொடாதீர்கள்' பலகையைப் படித்துவிட்டே பேத்தி மரத்தில் கை வைத்தாள். தம்பி அதட்டினார். "எங்க சின்னத் தாத்தாவோடது" என்றாள். அதற்குப் பதிவேட்டில் ஆதாரம் இல்லையாம்.

கயிறு எங்களுடையது, கூலி வேண்டாம். குறடு மட்டும் தங்கள் தரப்பில் ஏற்பாடு செய்தால் போதும். வேறெதையும் பிடுங்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கட்டத் தெரிந்தவன்