பட்டு முதலாளிக்குச் சில யோசனைகள்

ஆரணியில் புதிதாகப் பட்டு முதலாளி ஆகிறீர்களா? முதலில் தறிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுங்கள், மகள் கல்யாணத்துக்கு அவர் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே. திருப்பிக் கேட்டு அவசரப்படாதீர்கள். அது தீராதவரை அவர் வேறு முதலாளியிடம் போகமாட்டார். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அட்வான்ஸையும் கடன் கணக்கில்தான் சேர்க்கிறது. ஆகவே அட்வான்ஸ் எழுதிய நோட்டு உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

பட்டையும் ஜரிகையையும் எடைபோட்டுத்தான் தருவீர்கள். சேலை வந்ததும் மறுபடி போடுங்கள். குறைந்தால் கூலியில் பிடியுங்கள். கூடினால்? தராசு பழசு.

நெய்ய ஒருவர், தார் சுற்ற மனைவி, கூடமாட அம்மா. கூலி மட்டும் சேலைக்கு ஒன்று. இந்தச் சிக்கனத்தை எந்த மேலாண்மைக் கல்லூரியும் சொல்லித் தராது! மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறினால் வருண பகவான் பொறுப்பு. சேலை தாமதமானால் தறிக்காரர் பொறுப்பு.

அவர் மகன் செய்யாறு சிப்காட் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறானா? "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை" என்று வருத்தப்படுங்கள். மாதம் பிறந்தால் அவனுக்குச் சம்பளம் வருகிற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.