அயற்பண மாற்றிலக்கணம்: பழங்காநத்தத்தார் உரையுடன்

வெளிநாடு போகிறவர் அந்த நாட்டுப் பணத்தைக் கை கடிக்காமல் வாங்குவது எப்படி என்பதற்கு நம் மொழியில் இலக்கண நூல் கிடையாது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில் இப்படியொரு குறை இருக்கலாகாது. அக்குறை தீர்க்கவே இச்சிறு நூல். ஆய்வுக் களம், மதுரை பழங்காநத்தம் ரவுண்டானா ஓரத்து டீக்கடை பெஞ்சு.

பழங்காநத்தம் ஏன் என்று கேட்போருக்கு விடை: தென்மாவட்டப் பஸ்கள் இங்கிருந்து புறப்பட்ட காலம் தொட்டே, பயணம் போகிறவனை நிறுத்தி வைத்து யோசனை சொல்வது இவ்வூர் வழக்கம். அப்போது நாகர்கோவில் வண்டியில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று சொன்னார்கள். 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் விட்டபின் டாலர் பற்றிச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட் எடுத்தவர், எடுக்காதவர் என்ற பாகுபாடு யோசனை சொல்வதில் இல்லை.

நூற்பா:

நிலமும் பொழுதும் அவசரமும் அல்லது
டாலர்க்கு விலையென ஒன்றிலை என்ப
ரேட்டுப் பலகை நோட்டமிட் டோரே.

இதன் பொருள்: டாலருக்கோ சிங்கப்பூர் வெள்ளிக்கோ தனியாக விலை என்று ஒன்று கிடையாது. எங்கே நிற்கிறோம், எந்த நேரத்தில் நிற்கிறோம், எவ்வளவு பதற்றத்தோடு நிற்கிறோம் என்பதே விலை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று அகத்திணைக்கு முன்னோர் வகுத்தார்கள். அவர்கள் ஏர்போர்ட் கவுண்டரைப் பார்த்திருந்தால் அவசரத்தையும் சேர்த்திருப்பார்கள் என்பது இவ்வுரையின் துணிபு.

முன்வரலாறு சிறிது கூறப்படும். அயல்நாட்டுப் பணம் நமக்குப் புதிதன்று. மதுரை வட்டாரத்திலேயே ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமாபுரியில் பிளினி தலையில் கைவைத்தார். புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் அரசனின் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. தங்கம் உள்வரை தங்கம்தானா என்று சோதித்த வெட்டு என்பாரும், மீண்டும் புழக்கத்துக்குப் போகாமல் தடுத்த வெட்டு என்பாரும் உளர். டீக்கடைப் புலவர்கள் கருத்து வேறு: "கவுண்டர்ல ஒக்காந்தவன் கைவரிசைண்ணே. அன்னைக்கே சர்வீஸ் சார்ஜ் போட்டுருக்கான்."

மாற்றுச் செலவே இல்லாத பொற்காலமும் ஒன்று இருந்தது. வளைகுடா ஷேக் நாடுகளில் இந்திய ரூபாயே செலாவணி. 1959 முதல் அதற்கென்றே ரிசர்வ் வங்கி தனி வளைகுடா நோட்டு அச்சிட்டது. துபாயில் இறங்கியவர் ரூபாயை ரூபாயாகவே செலவழித்தார். குவைத் 1961-இல் சொந்தப் பணத்துக்கு மாறியது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76-லிருந்து 7.50-க்கு இறக்கப்பட்டதும் துபாயும் கத்தாரும் கும்பிடு போட்டு விலகிக்கொண்டன. அதன்பின் வந்தது கட்டுப்பாட்டுக் காலம். எட்டே டாலரோடு விமானம் ஏறினேன் என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு ரேட்டுக் கவலை இல்லை. எட்டு டாலரில் என்ன கழிவு போய்விடப் போகிறது?

இனித் திணை கூறுவாம்.

பாலை முதலில் வைக்கப்பட்டது, சிறப்பு நோக்கி. இதன் நிலம் விமான நிலையம். பொழுது, விமானம் ஏற முக்கால் மணி நேரம் இருக்கும்போது. உரிப்பொருள் பிரிதல், அதாவது பணத்தைப் பிரிதல். பாலை நில மாக்கள் யார் என்று பழைய இலக்கணம் வெளிப்படையாகவே சொல்லிவிடும். கேஸ் வரும் என்பதால் இவ்வுரை சொல்லவில்லை. கவுண்டருக்குள் இருப்பவர் டை கட்டியிருப்பார், "ஜீரோ கமிஷன் சார்" என்பார். அது பொய்யன்று. கமிஷன் என்று தனியாக எதுவும் வாங்கமாட்டார், எல்லாவற்றையும் ரேட்டுக்குள்ளேயே வைத்திருப்பார்.

இதை அறிய பலகையில் இரண்டு வரிசையையும் படிக்க வேண்டும். ஒன்று அவர் நம்மிடம் வாங்கும் விலை, மற்றது நமக்கு விற்கும் விலை. கணக்குக்காக, சிங்கப்பூர் வெள்ளியின் நடு விலை 65 ரூபாய் என்று கொள்வோம். பலகையில் வாங்குவது 62, விற்பது 68 என்று இருந்தால், 100 வெள்ளி வாங்கி, பயணம் ரத்தாகி, அதே கவுண்டரில் அப்போதே திருப்பிக் கொடுப்பவருக்கு 600 ரூபாய் போச்சு. அவர் எங்கும் போகவில்லை, எதுவும் வாங்கவில்லை, ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. பயணத்துக்கு முன் நாலு இடத்தில் ரேட் விசாரித்தவர்கள் எல்லாரும் விற்கும் விலையைத்தான் விசாரித்தார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கேட்டவரைக் களத்தில் காணோம். இடைவெளி குறுகலாக இருந்தால் கடை யோக்கியம், அகலமாக இருந்தால் நாம் அவசரத்தில் இருக்கிறோம் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று பொருள்.

புறனடை: எல்லா விமான நிலையமும் பாலையன்று. கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கியவர்கள் அறிவார்கள். வெளியே வரும் வழியில் வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும், ஒருவர் ரேட் பிடிக்கவில்லையென்றால் பக்கத்தில் நகரலாம், ரேட்டும் வெள்ளவத்தைக் கடைகளுக்கு ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடில் பணமாற்றுக்காரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதும் இவ்வகை. பத்தடி நடந்தால் விலை மாறும். எனவே குற்றம் நிலத்தின் மேல் இல்லை, வேறு கடை இல்லாமையின் மேல்.

மருதம்: நிலம், வங்கிக் கிளை. உரிப்பொருள் ஊடல். வாடிக்கையாளர் பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் நிற்பார். ஏ2 படிவம் வேண்டும் என்பார்கள். படிவம் நிரப்பினால் ஃபாரெக்ஸ் பார்க்கிற மேடம் லீவு. இருபது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கிறேனே என்று இவர் பிணங்க, ஹெட் ஆபீஸில்தான் ரேட் வாங்கணும் சார் என்று அவர்கள் முகம் திருப்ப, ஊடல் முற்றும். ஆனால் ஒழுங்கான வழி இதுதான். இதே வகையில் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற பணமாற்றுக் கடைகளும் அடங்கும். அங்கே பேசினால் ரேட் கொஞ்சம் இறங்கும் என்பது பலர் அறியாதது. பலகையில் எழுதியிருப்பதால் பஸ் டிக்கெட் விலை போல நினைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணியில் கிலோ தக்காளிக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசுகிறவர்கூட 50,000 ரூபாயை வாய் திறக்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

வரையறைகள் சில இங்கே சொல்லப்படும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் நோட்டாகக் கிடைக்கும், மிச்சம் கார்டில். ஜிஎஸ்டி முழுத்தொகைக்கும் என்று பயப்பட வேண்டாம். ஒரு லட்சம் வரை மாற்றினால், அதில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாகக் கொண்டு அதற்குத்தான் 18 சதவீதம். லட்சத்துக்கு 180 ரூபாய், குறைந்தபட்சம் 45 ரூபாய். டீக்கடையில் இதையே நாள் முழுக்கத் திட்டினார்கள். ரேட்டில் போன இரண்டாயிரத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, ரசீதில் அச்சாகாத காரணத்தால்.

குறிஞ்சி: உரிப்பொருள் புணர்தல், வழி களவு. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மச்சான் மொட்டை மாடியில் வைத்துக் காதோடு சொல்வார்: "மாப்ள, என்கிட்ட ஐந்நூறு வெள்ளி சும்மாத்தேன் கெடக்கு. கூகுள் ரேட்டுக்கே எடுத்துக்க." கேட்க இனிக்கும். ஆனால் உரிமம் இல்லாதவரிடம் அயல்பணம் வாங்குவதை அந்நியச் செலாவணிச் சட்டம் களவென்றே கொள்ளும், பின்னால் கற்பாக மாற்ற இடமில்லை. அன்றியும் மச்சான் ரேட் மலிவு என்பது மயக்கம். கிளம்புகிற அன்று அவர் வீட்டிலிருந்து ஒரு பை வரும். உள்ளே அப்பளக் கட்டு, இட்லிப் பொடி, சிங்கப்பூரில் இருக்கும் அவர் சகலைக்கு அயிரை மீன் கருவாடு. ஏர்போர்ட்டில் எடை போட்டு, அதிகப்படிக்குக் கட்டியபின் கணக்குப் பார்த்தால் பாலையே தேவலை.

முல்லை: உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். நிலம், அயல்நாட்டு ஏடிஎம். தலைவன் வருவான் என்று தலைவி காத்திருப்பது பழைய முல்லை. கார்டைத் திறந்துவிட ஓடிபி வரும் என்று தலைவன் காத்திருப்பது புது முல்லை. சிம்மில் ரோமிங் போடாமல் சிராங்கூன் ரோட்டில் நிற்பவருக்கு அது வராது. 2020-இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்தது: புதுக் கார்டு உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்து வைக்க வேண்டும். இதை ஊரிலேயே செய்யாதவர் கார்டைச் சொருகிச் சொருகி எடுப்பதே அங்குள்ள கருப்பொருள். மற்றபடி முல்லை மோசமான திணையன்று. பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதல் வைக்கும், அதன்மேல் ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் ஒரு கட்டணம். ஆகவே பத்துப் பத்து வெள்ளியாகப் பத்துத் தடவை எடுப்பது சிக்கனம் என்று நினைப்பவர் கட்டணத்தைப் பத்து மடங்காக்குகிறார். ஒரே தடவையில் எடுப்பது நூல்வழக்கு.

கைக்கிளை என்பது ஒருதலைக் காமம். கூகுளில் வரும் விலையை நினைந்து உருகுவது இதன்பாற்படும். அது வங்கிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நடுவிலை. நம்மைப் போன்றவருக்குக் கிடைப்பது அரிது. ஆனாலும் டீக்கடையில் ஒருவர் போனைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பயணம் எதுவும் இல்லை.

பெருந்திணை, பொருந்தாக் காமம். வெளிநாட்டுக் கடையில் கார்டைத் தேய்த்ததும் மிஷின் கேட்கும்: ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா? மூன்று நாளாகப் புரியாத காசைப் புரட்டிக்கொண்டிருந்தவருக்குத் திரையில் ரூபாய்க் குறியைக் கண்டதும் கண் கலங்கும். உடனே ரூபாயை அமுக்குவார். அமுக்கிய நொடியில், மாற்று விகிதம் போடும் உரிமை அந்தக் கடையின் மிஷினை வைத்திருப்பவருக்குப் போய்விடும். அவர் இஷ்டத்துக்கு ஒரு விலை வைப்பார். சில வங்கிகள் அதன் மேலும் தம் பங்கைச் சேர்க்கும். எந்நாளும் உள்ளூர்ப் பணத்தையே அமுக்குக. தேசப்பற்றைக் காட்ட வேறு இடம் உண்டு. கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதும் பெருந்திணையே, எடுத்த அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

நோட்டின் இலக்கணம் தனியே கூறப்படும். பழங்காநத்தத்தில் நடுவில் கிழிந்த பத்து ரூபாயை நாலாக மடித்து, இரண்டு நல்ல நோட்டுக்கு நடுவில் வைத்து நீட்டுவது கலை. இந்தோனேசியாவில் அக்கலை செல்லாது. ஜகார்த்தாவில் கடைக்காரர் நூறு டாலர் நோட்டை வெளிச்சத்தில் பிடிப்பார், ஓரத்தை விரலால் வருடுவார், மடிப்பில் வெளுப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ஓரத்தில் பேனாப் புள்ளி இருந்தால் தள்ளிவிடுவார், அல்லது விலை குறைப்பார். இருபது டாலர் நோட்டுக்கு நூறு டாலர் நோட்டைவிடக் குறைந்த விலை தருவதும் உண்டு. கட்டில் எத்தனை நோட்டு என்பதை நோட்டின் மேலேயே எழுதிவைத்த பரம்பரை நாம். டாலரை வாங்கும்போது ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வாங்குவது நலம்.

ஐயம்: கொழும்புக்குப் போகிறவர் டாலரா, இந்திய ரூபாயா? ஆளுக்கு 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டைக் கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது. ரூபாயை டாலராக்கி, டாலரை இலங்கை ரூபாயாக்கினால் கழிவு இரண்டு தடவை. நேரே மாற்றினால் ஒரு தடவை, ஆனால் அந்த ஒரு தடவை பெரிதாக இருக்கக்கூடும். இரண்டையும் பெருக்கிப் பார்த்துவிட்டே முடிவு செய்க என்பர் ஒரு சாரார். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யூபிஐயும் நடக்கிறதே, போனைக் காட்டிவிட்டு வரலாமே என்பர் இளையோர். இரு சாராருக்கும் இடையே அன்று மாலை வரை வாக்குவாதம் நடந்தது. டீக்கடைக்காரர் மட்டும் பாக்கி கேட்டார்.

எஞ்சியது நெய்தல், உரிப்பொருள் இரங்கல். பயணம் முடிந்து வீடு திரும்பியபின் பையின் அடியில் சில்லறை கிடக்கும். நோட்டு என்றால் 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி உண்டு. நாணயத்துக்கு வரம்பே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இத்தாராளத்தின் காரணம் வெளிப்படை: எந்தப் பணமாற்றுக் கடையும் சில்லறையைத் தொடாது. ஆகவே அவை டிவிக்குப் பக்கத்தில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேரும், பேரப்பிள்ளைகள் வந்தால் வெளியே வரும்.

இலங்கை ஐந்து ரூபாய்க் காசு நம் ஐந்து ரூபாயாகச் செல்லுமா என்ற வினா களத்தில் எழுந்து, ரவுண்டானாவிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற ஷேர் ஆட்டோவில் சோதிக்கப்பட்டது. டிரைவர் காசை உள்ளங்கையில் ஒரு தரம் புரட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இத இங்குட்டு வாங்க மாட்டேன். கொழும்புல எறங்குறப்ப குடுங்க."