கெப்பாசிட்டரின் வெளிப்புறம் எது? வால்வு ஆம்ப் கட்டுவோர் குறித்து ஒரு பதிப்பியல் நோக்கு

கிட்டாருக்கும் பாஸுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் அமெரிக்க, பிரிட்டிஷ் அன்பர்களை உலகம் இதுவரை மின்னணுவியலின் கணக்கில் எழுதிவந்திருக்கிறது. இது வகைப்பாட்டுப் பிழை. அவர்கள் செய்வது பதிப்பியல். ஏட்டுச்சுவடி இருக்க வேண்டிய இடத்தில் சர்க்யூட் படமும், எழுத்தாணி இருக்க வேண்டிய இடத்தில் சால்டரிங் அயர்னும் இருப்பதால் முன்னாய்வாளர்கள் ஏமாந்துபோனார்கள். வால்வின் இடத்தைப் பிடித்த டிரான்சிஸ்டர் 1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ரேடியோவும் தொலைக்காட்சியும் வால்வைத் தலைமுழுகி எத்தனையோ காலம் ஆயிற்று. இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் புது வால்வு செய்கிறார்கள் என்றால் அதில் கிட்டார்க்காரர்களின் பங்கு பெரிது. வழக்கொழிந்த மொழியில் நாள்தோறும் பேச வேண்டும் என்று அடம்பிடிப்பவனை யாரும் பொறியாளன் என்று சொல்வதில்லை. பண்டிதன் என்றுதான் சொல்வார்கள்.

இவர்களை மூவகையாகப் பகுக்கலாம். கிட் வாங்கி, கூட வந்த படத்தைப் பார்த்துக் கட்டி, சத்தம் வந்ததும் வாசிக்கப் போய்விடுவோர் முதல் வகை. இவர்களிடம் ஆய்வதற்கு ஒன்றும் இல்லை. பாஸ் ஆம்ப் கட்டுவோர் இரண்டாம் வகை. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி 300 வாட்டும், ஆறு அவுட்புட் வால்வும், ஸ்பீக்கர் பெட்டி நீங்கலாகவே 40 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது ஆகலின், இவ்வகையினரின் தொகை முதுகெலும்பால் வரையறுக்கப்பட்டது. மூன்றாம் வகையினர் மூலத்தைத் தேடுவோர். இக்கட்டுரை இவர்களைப் பற்றியது.

மூலம் என்று அவர்கள் கொள்வது பெரும்பாலும் 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ. அதன் ஆசிரியர் லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர்; கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1951இல் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்தார். அது கேட்க வேண்டுமே என்று மறு ஆண்டே பாஸ்மேன் வரிசையைத் தொடங்கினார். ஆகவே பெயரிலேயே கருத்துரைத்துவிட்ட நூல் இது: பாஸுக்கானது, சுத்தமாகக் கேட்க வேண்டியது. கிட்டார்க்காரர்கள் அதைக் கைப்பற்றி, வால்யூமை முழுக்கத் திருப்பி, ஒலி முறியும் இடத்தில் குடியேறினார்கள். ஆசிரியர் குறை என்று எண்ணித் தவிர்க்கப் பார்த்ததே நூலின் உட்பொருள் என்று உரை வகுக்கப்பட்டது. அற்றேல், ஆசிரியர் கருத்துக்கு மாறாகப் பொருள் கொள்ளல் குற்றமன்றோ எனின், அன்று. அதைக் குற்றம் என்றால் நம் பல்கலைக்கழகங்களில் பாதித் துறைகளை மூட வேண்டியிருக்கும்.

இம்மரபின் தலையாய உரை 1962இல் மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் எழுந்தது. டிரம்ஸ் வாசிப்பவரும் இசைக்கருவிக் கடைக்காரருமான ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் பாஸ்மேன் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்து ஜேடிஎம் 45 என்று வெளியிட்டார்கள். முதல் வால்வாக 12ஏஒய்7 இருந்த இடத்தில் இசிசி83 புகுந்தது. முன்னதன் பெருக்கம் 44 அளவில், பின்னதற்கு 100. ஒற்றைச் சொல் பாடபேதம்தான். ஆனால் அதோடு, பின்புறம் திறந்த பெட்டியில் இருந்த நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் போய், மூடிய பெட்டியில் நான்கு பன்னிரண்டு அங்குலம் வந்ததும் சாதுவான மூலம் உறுமத் தொடங்கியது. இசிசி83 என்னும் பெயருக்கே பகுபத உறுப்பிலக்கணம் சொல்லலாம்: இ என்பது 6.3 வோல்ட் ஹீட்டர், இரண்டு சி இரண்டு டிரையோடு, 8 ஒன்பது முள் அடிப்பாகம், 3 வரிசை எண். அதே வால்வின் அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. நடுவில் நிற்கும் ஏஎக்ஸுக்குப் பொருள் ஏதுமில்லை, பதிவேட்டில் வரிசையாக வந்த எழுத்து. பொருளில்லாத அந்த இரண்டு எழுத்துக்கு இன்னும் எவரும் தத்துவ விளக்கம் தராதது இத்துறை எவ்வளவு இளையது என்பதற்குச் சான்று.

இனி மூலபாடம். படத்தில் 100 கே (கிலோ ஓம்) என்று ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கும். அக்காலக் கரி ரெசிஸ்டர்கள் பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று நிறப்பட்டையிலேயே ஒப்புக்கொண்டு வந்தவை. சில இருபது சதவீதம். அப்படியானால் 90 கேயும் மூலம்தான், 110 கேயும் மூலம்தான். மேலும் கரி ரெசிஸ்டர் வயதாக ஆக மதிப்பில் ஏறிக்கொண்டே போகும். இங்கேதான் மரபு இரண்டாகப் பிளக்கிறது. அச்சிட்டதே ஆதாரம் என்போர் 100 கே வாங்குவர். நல்ல பழைய ஆம்ப் ஒன்றைத் திறந்து மீட்டரில் பார்த்து 118 கே என்று கண்டோர், அந்த 118 கேதான் அந்த ஒலியின் ரகசியம் என்று இரண்டு ரெசிஸ்டரைத் தொடராகக் கோத்தாவது அதை அடைவர். இவர்கள் செய்வது, சுவடியில் செல்லரித்த இடத்தைக் கவி வேண்டுமென்றே விட்ட மௌனம் என்று பதிப்பிப்பது போன்றது. நகைக்க வேண்டாம், அப்படியும் பதிப்பித்திருக்கிறார்கள். உறுப்புகளைத் தாங்கும், மெழுகில் தோய்த்த கறுப்பு ஃபைபர் அட்டையும் இவ்வகை. பழைய ஃபெண்டர்களில் அந்த அட்டை ஈரம் குடித்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கசியவிட்டு, கரகரவென்று சத்தம் கிளப்பும். அந்த அட்டையைப் போலவே புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதைத் தேடி வாங்குகிறார்கள். சான்று கேட்டால், பழைய ஆம்ப்களைப் பழுதுபார்த்த ஒருவர் சொன்னது என்பர்.

ஆயினும் இவை யாவும் தோற்றுவாயே. இத்துறையின் கடல், கெப்பாசிட்டரின் வெளிப்புறம் எது என்னும் வினா. ஃபிலிம் கெப்பாசிட்டர் என்பது இரண்டு உலோகத் தகட்டை நடுவே மெல்லிய படலம் வைத்துப் பாய்போலச் சுருட்டியது. சுருட்டினால் ஏதோ ஒரு தகடுதான் வெளியே நிற்கும். அது எந்தக் காலோடு சேர்ந்தது? பழைய உருப்படிகளில் அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டிருப்பார்கள். இக்காலத்துக் கோட்டை நம்ப முடியாது. ஆகவே நம் ஆய்வாளர் ஒவ்வொன்றாக எடுத்து, இரு காலையும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டி, நடு உடம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே, நாடி பார்க்கும் வைத்தியரைப் போல அழுத்திப் பிடிக்கிறார். வீட்டு மின்கம்பிகளின் முனகல், அதாவது ஹம், அவர் உடம்பின் வழியாகத் திரையில் தடித்த அலையாக எழும். கால்களை மாற்றி மாட்டுகிறார், அலை மெலிகிறது. மெலிந்தபோது எர்த் கவ்வி எந்தக் காலில் இருந்ததோ அதுவே வெளித்தகடு. பேனாவால் புள்ளி வைக்கிறார். அடுத்தது. ஸ்கோப் இல்லாதவர் வேறொரு ஆம்பின் உள்ளீட்டில் மாட்டிவிட்டுக் காதால் பார்க்கிறார். பிறகு புள்ளி வைத்த கால் முந்தைய வால்வின் பிளேட்டை (ஒலி வெளிவரும் முனையை) நோக்க வேண்டும், அடுத்த வால்வின் கிரிட்டை (ஒலி நுழையும் முனையை) நோக்கலாகாது என்று விதி. வெளித்தகடு அப்போது உள்தகட்டுக்குக் கவசமாக நிற்கும். இதில் பௌதிகம் உண்டு என்பதை மறுக்க முடியாது. மறுக்க முடியாத உண்மையைத் தேவையற்ற இடத்தில் நிறுவுவதுதானே ஆய்வு! ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6 என்று இரண்டே வால்வு ஒலியை வளர்க்க, மூன்றாவது மின்சாரத்தைத் திருத்த, சுமார் ஐந்து வாட் பாடும் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1இல், உலோகச் சேசிஸ் மூடிய பிறகு இந்தப் புள்ளி எந்தப் பக்கம் இருந்தது என்று காதால் சொல்வது அரிது. தவிர, இவ்வளவு பாடுபட்டு ஹம்மை மில்லிவோல்ட் கணக்கில் குறைத்த அதே கை, அதே வால்வில் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரை ஒதுக்கிவிட்டு, இரைச்சல் மிகுந்த கரி ரெசிஸ்டரை வைக்கிறது. முரணன்றோ எனின், அன்று. ஹம் பாடபேதம், இரைச்சல் மூலபாடம். இதற்கு ஆதாரம், ஓய்வுபெற்ற தொழிற்சாலை ஊழியர் ஒருவரின் மைத்துனர் உணவகக் காகிதக் கைக்குட்டையில் வரைந்து காட்டியதாக, அந்தக் காகிதத்தைப் பார்த்தவரைப் பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டவர் ஒருவரின் கூற்று. ‘மேலது, பக்கம் 43’ என்று அடிக்குறிப்பு அடிக்குறிப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஆய்வேடுகளை ஏற்றவர்கள் இதை மட்டும் தள்ள நியாயம் இல்லை.

மூல ஆசிரியரை நேரில் கேட்டால் தீராதா என்பாருக்குக் கிட்டார் கலைஞர் எட்வர்ட் வான் ஹேலன் விடை. தம் மார்ஷலின் ஒலிக்குக் காரணம் வேரியாக் என்னும் மின்னழுத்த மாற்றியில் வோல்டேஜை ஏற்றியது என்று தொடக்கத்தில் சொல்லிவைத்தார். உண்மையில் சுமார் 90 வோல்டுக்குக் குறைத்திருந்தார். நம்பி ஏற்றியவர்களின் டிரான்ஸ்பார்மர் கருகியது. இடைச்செருகலை ஆசிரியரே செய்த அரிய நேர்வு இது.

இனிச் சிக்கனத்துக்காகக் கட்டுகிறார்கள் என்பார் உளர். டிரான்ஸ்பார்மர் மட்டும் வாங்கிப் பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். காதுக்காகவே கட்டுகிறார்கள் என்பார் அவரினும் வலியர். அவருக்கு விரிவாகவே விடையிறுக்க வேண்டும். வால்வு ஆம்பின் ஒலி கற்பனை அன்று. அது முறியும்போது வெடுக்கென்று முறியாமல் வளைந்து முறிகிறது. ரெக்டிஃபையர் வால்வும் டிரான்ஸ்பார்மரும் ஓங்கி மீட்டும்போது வோல்டேஜைத் தாழவிட்டு, ஒலியை அமுக்கி, மெல்ல எழவிடுகின்றன. ஒப்புக்கொண்டோம். ஆனால் கேட்கும் ஒலியை மாற்றுவதில் ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் உள்ள ஆற்றலில் சிறுபங்குகூட எந்தக் கெப்பாசிட்டருக்கும் இல்லை. காதே நீதிபதி என்றால் விவாதமும் ஸ்பீக்கரைப் பற்றித்தானே நடக்க வேண்டும்? ஸ்பீக்கருக்கு ஒரு வரி, கெப்பாசிட்டருக்கு ஓர் இரவு. கவிதையை விட்டுவிட்டு ஏடெழுதியவரின் மையை ஆராயும் இந்த விகிதாசாரமே அவர்கள் பதிப்பாசிரியர்கள் என்பதற்கு இறுதிச் சான்று.

மறுப்புரைகள் வரவேற்கப்படுகின்றன. ஆனால் இத்துறையில் மின்சாரத்தை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பின்னரே பேனாவை எடுக்கவும். எடுத்தாலும், மரபு விதித்தபடி, இன்னொரு கை சட்டைப்பையில் இருக்கட்டும்.