அண்ணாச்சி பதில்கள்: பெயர் வேண்டாம், ஊர் போதும்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே சங்கதி: குடியை விட எந்தக் கூட்டத்துக்குப் போவது? ஒருவரும் பெயர் போடவில்லை. நல்லது. அங்கேயும் கேட்க மாட்டார்கள்.

? குடியை விட ஆசை. என்னை மாதிரி ஆட்கள் கூடும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், அஞ்சுகிராமம்

கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. திரும்பி வரத்தான் வழித்துணை வேண்டியிருக்கிறது. 14446-க்குப் போன் போடும், மத்திய அரசின் இலவச எண். அல்லது பஸ் ஏறி ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய், "ஏஏ கூட்டம் எங்கே?" என்று கேளும். கேட்டுவிட்டீர் என்றால் பாதி தூரம் வந்தாச்சு.

? அதென்ன ஏஏ?
— கொட்டாரம்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் என்ற பங்கு வியாபாரியும் பாப் என்ற டாக்டரும் உட்கார்ந்து பேசினார்கள். இருவருமே குடிநோயாளிகள். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-தான் இயக்கத்தின் பிறந்தநாள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. ஒருவரின் கடைசி மடக்கு, பல லட்சம் பேருக்கு முதல் மூச்சு.

? சேர என்ன தகுதி, என்ன கட்டணம்?
— வழுக்கம்பாறை

தகுதி: குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம்: கிடையாது. விருப்பப்பட்டவர் செலவுக்குக் கொஞ்சம் போடலாம். ஒரு குவாட்டரைவிட ஒரு வாழ்க்கை மலிவாகக் கிடைக்கிறது, விட்டுவிடாதேயும்.

? தினமும் குடிப்பவன். நாளைக்கே சட்டென்று நிறுத்தப் போகிறேன். எனக்கெதற்குக் கூட்டம்?
— ராதாபுரம்

வைராக்கியம் மனசுக்கு, உடம்பு வேறு கணக்கு வைத்திருக்கும். முதல் நாளே கை நடுங்கலாம். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் இல்லாத ஆளோடு பேச ஆரம்பிக்கலாம், உயிரே போகலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தும். ஊசியும் கட்டிலும் சில நாள். கூட்டம் அதற்குப் பிறகு வரும் மொத்த நாளுக்கும்.

? அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடியை விடவைக்கும் மாத்திரை கலக்கலாமா அண்ணாச்சி?
— ஒரு மனைவி, மயிலாடி

வேண்டாம் தாயி. டைசல்பிராம் மாத்திரை உள்ளே இருக்கையில் சரக்கு இறங்கினால் வாந்தி, படபடப்பு. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிந்து தின்றால் மருந்து, தெரியாமல் தின்றால் விஷம். உனக்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது: அல்-அனான். பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. குடிப்பது ஒருவர், நோயாளி வீடு முழுக்க.

? வெறும் பேச்சில் நோய் தீருமா?
— தேரூர்

27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள்: காக்ரேன் அமைப்பு 2020-ல் அலசிப் பார்த்தது. குடிக்காமல் நீடிக்க வைப்பதில் ஏஏ வழி மற்ற சிகிச்சைகளுக்குச் சமம், பல இடங்களில் ஒருபடி மேல் என்றது. குடித்துவிட்டுப் பேசினால் உளறல். விட்டுவிட்டுப் பேசினால் மருந்து.

? நம்ம ஆட்கள் யாரும் இதில் இறங்கவில்லையா?
— நாகர்கோவில்

சாந்தி ரங்கநாதன். 1979-ல் குடி அவர் கணவரைக் கொண்டுபோனது. மறுவருஷமே சென்னையில் கணவர் பெயரில் சிகிச்சை அறக்கட்டளை தொடங்கினார். மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டார்கள். 1992-ல் பத்மஸ்ரீ. ஒரு தாலி அறுந்தது. ஊரூராகத் தாலிகள் பிழைத்தன.

? கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடாதா?
— மார்த்தாண்டம்

உம்மூர்ப் பக்கம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரம் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31-ல் உயிரை விட்டார். அந்த உயிருக்கு மரியாதை வேண்டுமென்றால் இரண்டு கதவு சாத்த வேண்டும். கடைக்கதவு அரசு கையில். வாய்க்கதவு உம் கையில்.

? போன கூட்டம் பிடிக்கவில்லை. நல்ல கூட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது?
— சுசீந்திரம்

புது ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்களா? உள்ளே சொன்னது உள்ளேயே கிடக்கிறதா? வெளியே வரும்போது நெஞ்சு லேசாகிறதா? அதுதான் உம் கூட்டம். அடித்துத் திருத்துவோம் என்றாலோ, டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும். ஒரு கடையில் சரக்கு இல்லை என்றால் அடுத்த கடைக்கு நடந்தீர் அல்லவா? அதே கால்தான், இன்னொரு கூட்டத்துக்கும் நடக்கும்.

? எட்டு மாதம் தொடாமல் இருந்தேன். ஒரு துஷ்டி வீட்டில் தவறிவிட்டேன். திரும்பிப் போக வெட்கம்.
— லீபுரம்

அங்கே இருப்பவர்கள் எல்லாரும் விழுந்த தழும்போடு வந்தவர்கள்தான். எட்டு மாதம் முடிந்த ஆளுக்கு இன்றைக்கு ஒரு நாள் முடியாதா? குளித்துவிட்டுக் கிளம்பும் மக்கா.

? எங்கள் ஊரில் கூட்டமே இல்லை என்றால்?
— இன்னொரு வாசகர், அஞ்சுகிராமம்

1935-ல் அக்ரனிலும் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்தார்கள், கூட்டமாச்சு. நீர் ஒருவர். இன்னொருவர் இதே பக்கத்தில், முதல் கேள்வியில் இருக்கிறார்.